அருளப்பன் வீட்டு வாசலில் ஸ்டார் இல்லை

என் வீட்டுக்காரர் மொய்தீன் பிச்சைக்கு வாய் நீளம். இதை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, முகத்துக்கு நேராகவே சொல்வேன். "உன்னுதவிட நீளமா தாஜு?" என்று திருப்பிக் கேட்பார். அதுவும் சரிதான். தாஜுன்னிசா வாயைத் திறந்தால் மீன் விற்கிறவர்களே கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள் என்று என் மாமியார் சொல்வார்.

எங்களுக்குப் பாண்டியை ஒட்டின கோட்டக்குப்பம். அவருடன் பிறந்தவர்கள் எல்லாரும் குவைத், துபாய் என்று போய் மாடி வீடு கட்டிக்கொண்டார்கள். இவரையும் கடன் உடன் வாங்கி அனுப்பிவைத்தோம். காய்கறி வைக்கிற குளிர் கிடங்கில் வேலை. ஒரு வருஷம்கூட முடியவில்லை, பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். ஏன் என்று கேட்டால், "பேசறதுக்கு ஆளே இல்ல தாஜு. முட்டைகோஸ்கிட்டயா பேசிக்கினு இருக்கறது?" என்றார். நான் அன்றைக்கு அவரை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு சீசன் வியாபாரம்தான். ரமலானுக்குத் தொப்பி, அத்தர். பிள்ளையார் சதுர்த்திக்குக் காகிதக் குடை. கார்த்திகைக்கு அகல் விளக்கு. டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் ஸ்டார், அது முடிந்த கையோடு பொங்கலுக்குக் கோலப்பொடி. "பாய், நீங்க போயி பிள்ளையார் குடை விக்கறீங்களே" என்று யாராவது சீண்டினால், "வெயிலு எல்லார் மேலயும்தான அடிக்குது, நான் குடைதான விக்கறேன்" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டு ஒரு குடை வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு வியாபாரம் என்றால் பேச்சு. பேச்சு நின்றால் ஆள் படுத்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் கடை போடுவது திண்டிவனத்தில், மேம்பாலத்துக்குக் கீழே போகிற மார்க்கெட் தெருவில். இரண்டு கம்பு நட்டு, குறுக்கே கயிறு கட்டி, ஸ்டார்களைத் தொங்கவிடுவோம். கீழே தார்ப்பாய் விரித்து நான் குடில் பொம்மைகளோடு உட்கார்ந்துகொள்வேன். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், மாடு, ஆடு. பக்கத்தில் ஜிகினாத் தோரணம், பஞ்சு, மணி, பிளாஸ்டிக் மரம், சீரியல் லைட். வாங்க வருகிறவர்கள் செருப்புக் கம்பெனிக்குப் போகிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ரைஸ் மில் ஆட்கள். ஒரு ஸ்டாரும் ஒரு சீரியல் செட்டும்தான் வாங்குவார்கள். ஆனால் தொங்குகிற அத்தனையையும் இறக்கிப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

"பாய், இந்த ஆட்டுக்கு ஒரு காது இல்ல."

"மேய்ச்சலுக்குப் போனப்ப நாய் கடிச்சிருக்கும்மா. அந்தப் பக்கம் திருப்பி வையி, தெரியாது."

இப்படித்தான் ஓடும்.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது இறந்துபோனால் அந்த வருஷம் வாசலில் ஸ்டார் மாட்ட மாட்டார்கள். பலகாரமும் கிடையாது, புதுத்துணியும் கிடையாது. தெரிந்த முகமாக இருக்கிறதே என்று இவர் கூப்பிடுவார்: "வாங்கக்கா, புது மாடலு வந்துருக்குது." அந்தப் பெண் நிற்காமலேயே, "இந்த வருசம் எங்களுக்கு இல்ல பாய்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. இவரும் கேட்க மாட்டார். போகிறவளைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே, சாவுச் செய்திக்குச் சொல்கிற இன்னாலில்லாஹி ஓதிக்கொள்வார். எந்த வீட்டில் ஸ்டார் இல்லையோ அந்த வீட்டில் சாவு. இத்தனை வருஷத்தில் இது தவறிப்போய் அவர் பார்த்ததில்லை.

இனி அருளப்பனுக்கு வருகிறேன். அவர் திண்டிவனத்துக்காரர், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். நாங்கள் முதன்முதலில் அந்தத் தெருவில் கடை போட்ட வருஷம் ஸ்டார் வாங்க வந்தார். என் வீட்டுக்காரர் சொருகிக் காட்டிய சீரியல் செட் எரியவில்லை. அங்கேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பிரித்து, ஒட்டி, எரிய வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் சாயங்காலம் தன் கடையைச் சாத்திவிட்டு எங்கள் கடைக்கு வந்துவிடுவார். நடைபாதையில் வாங்கின சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால் வாங்குகிறவர் எதிரிலேயே எரியவிட்டுக் காட்ட வேண்டும். அந்த வேலை அவருடையது. கூலி என்று எதுவும் கிடையாது, டீயும் பேச்சும்தான். இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. பாண்டிக்கு எந்த வழியாகப் போனால் சீக்கிரம் என்பதற்கே ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போடுவார்கள். ஆனால் டிசம்பர் முதல் தேதி போணி மட்டும் அருளப்பன் கையால்தான். அவர் தன் வீட்டுக்கு ஒரு ஸ்டார் வாங்கின பிறகுதான் மற்றவர்களுக்கு வியாபாரம்.

போன வருஷம் அதைக் கெடுத்தது என் வீட்டுக்காரரின் வாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தெருவில் கால் வைக்க இடமில்லை. அருளப்பன் ஒரு செட்டைச் சொருகினார். டப்பென்று ஒரு சத்தம், எங்கள் கடை மட்டுமில்லை, பக்கத்து நாலைந்து கடையும் இருட்டாகிவிட்டது. பிளக் மட்டமான சரக்கு, அவர் என்ன செய்வார்? இவருக்கு வியாபாரம் போகிறதே என்கிற எரிச்சல். "உன் கைக்கே ராசியில்லடா, தொட்டாலே பூட்டுது" என்று அத்தனை பேர் எதிரிலும் கத்திவிட்டார். யாரோ சிரித்தார்கள்.

கையால் பிழைக்கிறவனைப் பார்த்து, அதுவும் நமக்குப் போணி செய்கிறவனைப் பார்த்து, கைராசி இல்லை என்று சொல்லலாமா? அருளப்பன் டெஸ்டரைத் தார்ப்பாய் மேல் வைத்தார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ரமலான் மாதத்தில் திண்டிவனம் பஸ் கண்டக்டர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, அருளப்பனுக்கு நெஞ்சு வலி வந்து பாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன். "போவலாம்" என்றார். மறுநாளும் சொன்னேன். "போவலாம்னு சொல்றேன்ல" என்று எரிந்து விழுந்தார். மூன்றாவது தடவை சொன்னபோது, "இன்னா மூஞ்சிய வச்சிக்கினு போறது தாஜு?" என்றார். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதோடு பேச்சு போயிற்று.

இந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி. கடை விரித்தாகிவிட்டது, ஸ்டார் எல்லாம் தொங்குகிறது. ஒரு அம்மா வந்து பெரிய சிவப்பு ஸ்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவர் கொடுக்க மாட்டேன் என்கிறார். "செத்த நேரம் கழிச்சி வாங்கம்மா, இன்னும் கடை தெறக்கல."

"தெறந்துதான கீது?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

"அருளப்பன் அண்ணன் வர மாட்டாரு. நீங்கதான் போய்க் கூப்டணும்" என்றேன்.

"அவனுக்காவா நிக்கறேன்? போனா போவட்டும்" என்று சொல்லிக்கொண்டே ரோட்டு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஒரு ஆட்டுக்குட்டியை விற்றுப் போணியை முடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அந்த முனையைத்தான் பார்த்தார். சீரியல் செட்டை அவரே சொருகிக் காட்டினார். பேச்சு குறைந்துவிட்டது. வாங்க வந்தவர்களே, "பாய்க்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மரம் வாங்கினாள். தூக்கிக்கொண்டு போக முடியாது, வீட்டில் கொண்டுவந்து போட முடியுமா என்று கேட்டாள். வீடு எங்கே என்றால் சூசையப்பர் நகர். அருளப்பன் இருக்கிற அதே இடம். இவர் மறுபேச்சில்லாமல் மரத்தை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, இந்தச் சாக்கிலாவது பார்த்துவிட்டு வரட்டும் என்று இருந்தேன்.

திரும்பி வந்தவர் வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

"தாஜு, அந்தத் தெரு பூரா ஸ்டாரு தொங்குது. அவன் வூட்ல மட்டும் இல்ல."

"வாங்கி வச்சிருப்பாங்க, இன்னும் மாட்டியிருக்க மாட்டாங்க" என்றேன்.

"டிசம்பர் பொறந்த அன்னிக்கே மாட்றவன் அவன். வர்ற வழியில கடையப் பாத்தேன். காயில் கட்ற கடை இல்ல, செல்போன் கடை வச்சிருக்கான் எவனோ." அப்புறம் தார்ப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டார். "பூட்டான் தாஜு. ஒரு வார்த்த பேசாமப் பூட்டான்."

என் போனில் அருளப்பன் மனைவி தெரசின் நம்பர் இருந்தது. போட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. "யாரையாச்சும் கேக்கலாம்ங்க" என்றேன். "இன்னான்னு கேப்ப? செத்துட்டாரான்னா?" என்றார். கேட்கிற தெம்பு எனக்கும் இல்லை. இத்தனை வருஷமாக ஸ்டார் இல்லாத வீட்டைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்காத பழக்கம் வேறு.

பக்கத்தில் சாக்ஸ், பனியன் விற்கிற கலைப்பிரியாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் வண்டியில் கிளம்பினோம். கூட்டம் வருகிற நேரம், ஒரு நாளும் அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை. வழி முழுக்க அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. திட்ட வேண்டும் போல்தான் எனக்கு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே. ஆனால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

சூசையப்பர் நகரில் ஓட்டு வீடு, ஷீட் போட்ட வீடு, எல்லாவற்றிலும் ஸ்டார். அருளப்பன் வீட்டு வாசலில் வெறும் கொக்கி மட்டும்தான் இருந்தது. கதவைத் தட்டினோம். தெரசு திறந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை, அழுகைதான்.

அவ்வளவுதான். இவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அருளப்பா, மன்னிச்சிடுடா. உன் கையில இன்னாடா கொற? ராசி கெட்டது என் வாயிடா. ஆஸ்பத்திரில கெடக்கறன்னு தெரிஞ்சும் வராம இருந்துட்டனே. பாவி, ஒரு தபா வந்து உன் மூஞ்சியப் பாத்திருந்தா ஆவாதா?"

நானும் அழுதேன். தெரசு எங்களையே பார்த்தாள். அவள் அழுகை நின்றுவிட்டது, முகத்தில் குழப்பம். அப்போது வீட்டுக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு தெரசு வாசல்ல? யாருக்கு இன்னா ஆச்சு?"

தலையைத் துவட்டிக்கொண்டே அருளப்பன் வந்து நின்றார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது, ஆனால் அவரேதான். துண்டு கையில், தலையில் சொட்டுகிற தண்ணீர்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கிட்டே போய் அருளப்பனின் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வந்ததே ஒரு கோபம்.

"உயிரோடதான இருக்கற? அப்பறம் ஸ்டாரு மாட்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?"

அருளப்பன் கையை விடுவித்துக்கொண்டார். "மாட்ல. அதுக்கு இன்னாங்கற இப்ப?"

"ஏண்டா மாட்ல?"

"உன் கடைய உட்டு வேற கடையில வாங்க மாட்டேன். உன் கடைக்கும் வர மாட்டேன். அதான் மாட்ல."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யா அல்லா, இப்படியும் இரண்டு ஆண்களா? தெரசு இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி என் பக்கம் திரும்பினாள்.

"கேளுங்கக்கா. நானே போயி ஒண்ணு வாங்கியாறன்னா உட மாட்டன்றாரு. தெருவுல போறவங்க வர்றவங்கல்லாம் யாரு தவறிட்டாங்கன்னு கேக்கறாங்க. கேரல் பாடறவங்க எங்க வூட்டாண்ட வந்ததும் மோளத்த நிறுத்திட்டு சத்தமில்லாமத் தாண்டிப் போறாங்க. அந்தக் கோடி வூட்டுப் பொம்பளைங்க நாலு பேரு ஜெபம் சொல்ல வந்துட்டாங்க. இவர வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சிக் காட்டித்தான் அனுப்பினேன். பெரிய பேஜாராப் போச்சிக்கா. இப்ப உங்களப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சி, அதான் அழுதுட்டேன்."

"கடை இன்னாச்சி?" என்று இவர் கேட்டார்.

"மோட்டார் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குது. வூட்லயே ஃபேன், மிக்ஸின்னு பாத்துக்கினு இருக்கேன்." அருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் சொன்னார்: "ஆஸ்பத்திரில கதவு தெறக்கறப்பல்லாம் நீதான்னு பாத்தேன்."

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

"எங்க?"

"கடைக்கு. எல்லார் எதிர்லயும்தான சொன்னேன். எல்லார் எதிர்லயும் மன்னிப்பு கேக்கறேன், வா."

"அதெல்லாம் வாணாம்."

"வாடான்றேன். ஜல்தி."

தெரசு சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நாலு பேரும் ஒரு ஆட்டோ பிடித்துப் போனோம்.

மார்க்கெட் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கலைப்பிரியா ஒரு கையில் பனியனும் ஒரு கையில் சூசையப்பரும் வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் மரப் பெட்டி மேல் ஏறி நின்றார். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அம்மா, அய்யா, எல்லாரும் கேட்டுக்குங்க. போன வருசம் இதே எடத்துல இவன் கைக்கு ராசியில்லன்னு சொன்னேன். தப்பு. என் கடையில எரியற அத்தன லைட்டும் இவன் கைப்பட்டு எரிஞ்சதுதான். நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

நின்றவர்கள் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தாத்தா, "லைட்டு இன்னா வெல?" என்று கேட்டார். அருளப்பனுக்குக் காது வரைக்கும் சிவந்துபோயிற்று. "எறங்குடா, மானத்த வாங்காத" என்று கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். அந்தக் கையை இவர் விடவே இல்லை.

அப்புறம் ஸ்டார் பார்க்கிற வேலை ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, அருளப்பன் ஒரு வருஷத்துக் கோபத்தையும் அதில் தீர்த்துக்கொண்டார். ஒன்றுக்கு விளிம்பு ஒட்டவில்லை. ஒன்று கண்ணை அடிக்கிற சிவப்பு. ஒன்றில் உள்ளே பல்பு வைக்கிற இடம் கோணல். கயிற்றில் தொங்கியவை முடிந்து, மூட்டையில் இருந்தவையும் அவிழ்ந்தன. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நானே விரட்டியிருப்பேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வெள்ளையும் நீலமுமாக ஒன்று அருளப்பனுக்குப் பிடித்தது. அது முதலிலேயே இறக்கிக் காட்டினதுதான் என்று நான் சொல்லவில்லை. தெரசு என்னிடமிருந்து ஒரு மாடும் ஜிகினாத் தோரணமும் எடுத்துக்கொண்டாள். பழைய குடிலில் மாட்டுக்குக் கால் உடைந்துவிட்டதாம்.

கடையை மறுபடியும் கலைப்பிரியா தலையில் கட்டிவிட்டு, சாயங்காலம் பாங்கு சொல்கிற நேரத்துக்குச் சூசையப்பர் நகருக்குத் திரும்பிவிட்டோம். மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு இவரும் வந்து சேர்ந்தார். தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. நானும் தெரசும் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

அருளப்பன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறப்போனார்.

"எறங்குடா. நெஞ்சுல ஸ்டென்ட வச்சிக்கினு ஸ்டூல் மேல ஏர்ற. குடு, நான் மாட்றேன்."

"நீ மாட்டுவ. முட்டி வலின்னு பஸ்லயே ரெண்டு பேரு தூக்கி உடணும் உன்ன."

"என் ஸ்டாரு, நான் மாட்றேன்."

"காசு குடுத்து வாங்கியாச்சி, இப்ப என் ஸ்டாரு."

"நீ கோணலா மாட்டுவடா."

"கொக்கி போட்டவன் நானு. எனுக்குத் தெரியாதா?"

எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். தெரசு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "அய்யோ அக்கா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க. போயி நிறுத்துங்க."

அவள் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"கத்தட்டும் உடு தெரசு. கத்தறதுக்கு ரெண்டு பேரும் இருக்காங்கல்ல."